பால் நோட்டும் அகர்பத்தியும்: வரி வழக்கறிஞர் பதில்கள்

(சென்னையில் 26 ஆண்டுகளாக வருமான வரி வழக்குகளை நடத்திக்கொண்டே, சட்ட மாணவர்களுக்கு வரிச்சட்டமும் கற்பித்துவரும் பெண் வழக்கறிஞர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுச் சட்டம் படிக்கிறேன். கணக்கு என்றாலே பயம். நான் வரி வழக்கறிஞர் ஆக முடியுமா மேடம்?
- சட்ட மாணவி, ஆரணி

முடியும்மா. நான் படித்தது தாவரவியல். பேலன்ஸ் ஷீட் பார்க்கக் கற்றுக்கொண்டது சீனியரின் ஆபீஸில், பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படித்துத்தான். கூட்டல் கழித்தலுக்கு ஆடிட்டர் இருக்கிறார். என்ன நடந்தது என்பதைத் தாள்களை வைத்து நிரூபிப்பதுதான் நம் வேலை.

வேலூர்ப் பக்கம் பால் வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, 2016 பணமதிப்பிழப்பின்போது ஒன்பது லட்சத்துச் சொச்சம் வங்கியில் கட்டினார். விளக்கம் இல்லாத பணம் என்று வருமான வரி அதிகாரிகள் 1961 வருமான வரிச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அவர் வருமானத்தோடு சேர்த்துவிட்டார்கள். அப்போது அப்படிச் சேர்த்தால் 60 சதவீத வரி, அதற்குமேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள். நோட்டீஸ் எல்லாம் பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே கிடந்தன. முதல் அப்பீலும் யாரும் பதில் போடாமலே தள்ளுபடி ஆனது.

என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே ஏழு பால் நோட்டு. காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர், யார் வீட்டுப் பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அவர் கையெழுத்திலேயே. இத்தனை நாள் இதை யாருமே கேட்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஜூனியரும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேதிவாரியாகப் பட்டியல் எடுத்து, அடுத்த அப்பீலுக்காக, வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பான பேப்பர் புக்கில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்தோம். புதிய சான்று என்பதால் தீர்ப்பாய விதி 29-இன்படி தனி மனுவும் போட்டோம். தீர்ப்பாயம் இருக்கும் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் விசாரணை இருபது நிமிடம்தான். வழக்கு மறுபடியும் வரி போட்ட அதிகாரியிடமே போனது. அங்கே பெரும்பகுதித் தொகை நீங்கியது.

உண்மை விவரங்களில் தீர்ப்பாயத்தின் முடிவுதான் கடைசி. 260ஏ பிரிவில் உயர் நீதிமன்றம் போவதற்கு முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும். நோட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது. அந்த ஏழு நோட்டையும் ஒரு வரிகூட விடாமல் படிக்க எங்களுக்குத் தேவைப்பட்டது நல்ல தமிழ். அது உங்களிடம் இருக்கிறது.

புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே, பழையதைப் படிக்கத்தான் வேண்டுமா?
- வாசகர், கோவை

வேண்டும். 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவது 2026 ஏப்ரல் 1 முதல். அதற்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் 1961 சட்டப்படியேதான் நடக்கும். இன்னும் பல வருடம் இரண்டு புத்தகமும் மேஜைமேல் இருக்கும்.

வக்கீல் தொழிலில் இருந்துகொண்டே சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தலாமா?
- இளம் வழக்கறிஞர், திருச்சி

தாராளமாக. வக்கீலுக்கு முழுநேரச் சம்பள வேலை கூடாது. ஆனால் சட்டம் கற்பிக்க, வழக்கறிஞர்களுக்கான 1979-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். நான் வாரம் இரண்டு நாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு எடுத்துவிட்டுத் தீர்ப்பாயம் போகிறேன்.

முதல் வகுப்பில் என்ன சொல்லித் தருவீர்கள்?
- ஆசிரியை, மதுரை

ஒரு அகர்பத்திப் பாக்கெட்டை மேஜையில் வைப்பேன். பெங்களூரில் அகர்பத்தி தயாரித்த ஒரு கூட்டு நிறுவனம் 1965 கடைசியில் கலைந்து, தொழிலைப் புதிய கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. கடையின் நற்பெயருக்கு (குட்வில்) மட்டும் 1,50,000 ரூபாய் மதிப்பு. அதற்கு மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தைக் கைமாற்றிக் கிடைக்கும் லாபத்துக்கான வரி, உண்டா? ஆதாயத்தைக் கணக்கிட, வாங்கிய விலையைக் கழிக்க வேண்டும். தானாக வளர்ந்த பெயரை என்றைக்கு, என்ன விலைக்கு வாங்கினார்கள்? கணக்குப் போட வழியில்லாததால் வரியும் இல்லை என்று 1981-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்புறம் நாடாளுமன்றம், அந்த விலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும்படி சட்டத்தைத் திருத்தியது.

தீர்ப்பைச் சொல்வதற்கு முன் மாணவர்களை வாதாட விடுவேன். ஒரு வருடம், மிட்டாய்க் கடைக்காரர் மகன் ஒருவர் எழுந்து, "மேடம், எங்க அப்பா நாற்பது வருஷம் விடியற்காலையில் கடை திறந்தாரே, அது விலை இல்லையா?" என்று கேட்டார். அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது.