கணக்கு நோட்டில் ஒரு பொய் வரி

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 12 ஆண்டுகளாக அப்ளிகேஷன் சப்போர்ட் பார்க்கிறேன். எங்கள் பிரிவில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களைப் பராமரிக்கும் கிளவுட் பக்கம் மாற மூன்று ஆண்டுகளாக முயல்கிறேன். தினமும் மகள் தூங்கிய பிறகு இரவு 11 மணி முதல் 1 மணி வரை வீடியோ பார்த்துப் படிக்கிறேன். அமேசானின் இரண்டு சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். ஐந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போயும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்து அமேசான் கிளவுடில் லேப், அதாவது செய்முறைப் பயிற்சி, செய்தேன். இலவசம் என்று நினைத்தேன், 7,300 ரூபாய் பில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், அமேசான் கணக்கில் மும்பை பக்கத்தில் பார்த்தால் காலியாகத்தான் இருக்கிறது. பாதுகாப்புக்காகக் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையையும் நிறுத்திவிட்டேன். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதுவது என் மனைவி. வீண் சண்டை வேண்டாம் என்று போன் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அது இருக்கட்டும். அதன் பிறகு லேப் எதுவும் செய்யவில்லை. பரணில் ஒரு பழைய லேப்டாப் உண்டு, 4 ஜிபி ராம்தான், அதில் ஒன்றும் ஓடாது. அடுத்து, பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் படிப்பதா, சர்வர்களை நிரலாக எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் படிப்பதா? ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டையும் சேர்த்து 45,000 ரூபாய்க்குச் சொல்லித் தருகிறார்கள். இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இந்த வயதில் மாற முடியுமா?

— ஒரு வாசகர், சென்னை

பதில்: "அது இருக்கட்டும்" என்று எழுதி நீங்கள் கடந்துபோன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். வயதைப் பற்றியும், ஆட்குறைப்பைப் பற்றியும், அடுத்து எதைப் படிப்பது என்பதைப் பற்றியும் எனக்கு மாதந்தோறும் கடிதங்கள் வருகின்றன. அந்த வகையில் உங்கள் கடிதம் புதியதன்று. 7,300 ரூபாயைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் சில வாக்கியங்கள்தாம் புதியவை. ஐந்து இடங்களில் உங்களை ஏன் எடுக்கவில்லை என்பதற்கான விடையும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பில்லைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அதை இன்னும் பார்க்கவில்லை. தொகையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். எந்தச் சேவைக்கு, எந்த ரீஜியனில் (சர்வர்கள் இருக்கும் பகுதியில்), எத்தனை மணிநேரத்துக்குக் கட்டணம் என்பதை அந்தப் பில் வரிவரியாகச் சொல்லும். அதைத் திறந்து படித்திருந்தால் எனக்கு எழுதும்போது அதையும் எழுதியிருப்பீர்கள். நீங்கள் படிக்காததால் நான் ஊகித்துச் சொல்கிறேன். இத்தகைய பயிற்சி வீடியோக்கள் பலவும் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா ரீஜியனில் செய்து காட்டப்படுபவை. வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாத பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வர்கள் இணையத்தை எட்டுவதற்காக, ரீஜியனுக்குள் தனித்தனி மையங்களான இரண்டு ஸோன்களிலும் ஒவ்வொன்றாக, நாட் கேட்வே என்ற வழிவாசலை வைக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு நாட் கேட்வேக்குக் கட்டணம் மணிக்கு 4.5 சென்ட், அதன் வழியாக ஒரு பைட் தரவுகூடப் போகாவிட்டாலும் அது அங்கே இருக்கிற ஒவ்வொரு மணிக்கும் அந்தக் கட்டணம் உண்டு. இரண்டு கேட்வேக்கள் 30 நாள்கள், அதாவது 720 மணிநேரம் இருந்தால் 64 டாலர் 80 சென்ட் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது ஐபி முகவரி வேண்டும்; 2024 பிப்ரவரியிலிருந்து அதற்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள், அது 7 டாலர் 20 சென்ட். ஆக 72 டாலர். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்து ரூபாயாக்கினால், உங்கள் 7,300-க்கு மிக அருகில் வந்து நிற்கிறது. முதல் சான்றிதழுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் திறந்த கணக்காக இருக்கும் என்பதால், அப்போது கொடுத்த 12 மாத இலவசச் சலுகை என்றோ முடிந்திருக்கும். முடியாமல் இருந்திருந்தாலும் நாட் கேட்வே அந்தச் சலுகையில் சேர்ந்ததன்று.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்கிறீர்கள். நீங்கள் அழித்தது சர்வரை. சர்வரை அழித்தால் கேட்வே அழியாது. மும்பை பக்கம் காலியாக இருப்பதற்குக் காரணம், அமேசானின் நிர்வாகப் பக்கமான கன்சோல் பெரும்பாலான சேவைகளை ஒரு நேரத்தில் ஒரு ரீஜியனுக்கு மட்டுமே காட்டும் என்பதுதான். வலது மேல் மூலையில் ரீஜியனின் பெயரை மாற்றிப் பார்த்தால்தான் வர்ஜீனியாவில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். கார்டை நிறுத்தியதால் பணம் போவது நின்றிருக்கும், கேட்வே உடனே நின்றிருக்காது. நிலுவை ஏறிக்கொண்டிருக்கலாம், நினைவூட்டல்கள் நீங்கள் திறக்காத மின்னஞ்சலுக்கு வந்து குவிந்துகொண்டிருக்கலாம். அலாரம் அடிக்கிறதே என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தீ அணைந்துவிட்டது என்று நம்புகிறீர்கள். 12 ஆண்டுகளாக டிக்கெட், அதாவது பழுதுப் புகார், பார்க்கிற ஒருவர், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு டிக்கெட்டை மூடக் கூடாது என்று அறிந்த ஒருவர், தம் சொந்தக் கணக்கில் இதைச் செய்திருப்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஒரு வீட்டின் வரவு செலவை எழுதுகிறவர் அந்த வீட்டுக்குக் காவலாக இருப்பவர். பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வளவு, ஊருக்கு அனுப்ப எவ்வளவு, வேலை போய்விட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்பதையெல்லாம் உங்கள் மனைவி அந்த நோட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார். அதில் "போன் ரிப்பேர்" என்று ஒரு வரியை நீங்கள் எழுத வைத்திருக்கிறீர்கள். அவருடைய கையெழுத்தில் உங்களுடைய பொய் இருக்கிறது. 7,300 ரூபாய் எங்கே போனது என்று கேட்பதை "வீண் சண்டை" என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? அது அவர் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று ஆண்டுகள், இரவுக்கு இரண்டு மணிநேரம் என்றால் ஏறத்தாழ 2,000 மணிநேரம். அவ்வளவு நேரத்தையும் உங்களுக்கு விட்டுக்கொடுத்து, காலையில் மகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இந்த வேலைமாற்றத்துக்கு முதலில் முதலீடு செய்தவர் அவர்தான். முதல் போட்டவரிடம் நட்டத்தை மறைப்பது எந்தத் தொழிலிலும் நியாயமில்லை, குடும்பத்தில் இன்னும் நியாயமில்லை.

இது குடும்ப விஷயம், சர்வருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கக்கூடும். சர்வர் நிர்வாகத்தின் உயிரே லாக்தான். எது எப்போது நடந்தது, யார் என்ன கமாண்டு கொடுத்தார் என்பது அதில் உள்ளபடி இருக்க வேண்டும்; நள்ளிரவில் ஒன்று விழுந்தால் எழுந்துவருகிறவர் அதை நம்பித்தான் வேலையைத் தொடங்குவார். லாக்கில் ஒரு வரியை மாற்றி எழுதுகிறவரை, அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், யாரும் வாடிக்கையாளர் பயன்பாட்டில் இருக்கும் புரொடக்‌ஷன் பக்கம் விடமாட்டார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் லாக் அந்த நோட்டு.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அறிந்திருப்பீர்கள். இரவு வெகுநேரம் வரை வேலைசெய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மைச் சர்வரில் அழிப்புக் கமாண்டைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி தரவில், அவர் நிறுத்துவதற்குள் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப், மென்பொருளின் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. அதே பொறியாளர் வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேர நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்து நடந்தது. அவர்கள் மறைக்கவில்லை. மீட்புக் குறிப்புகளை எழுத எழுதப் பொதுவில் வைத்தார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், காரணங்களை விளக்கி விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். அந்தத் தவறை உலகமே பார்த்தது. அதனால்தான் இன்றும் பேக்கப்பைத் திரும்ப எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அந்தக் கதை இருக்கிறது.

ஆள் எடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சான்றிதழைப் பார்த்த பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் கெடுத்த ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். நாட் கேட்வேயை விட்டுவைத்தேன், பில்லில் கண்டுபிடித்தேன், வேறு ரீஜியனில் இருந்ததை இப்படித் தேடினேன், இப்படி அகற்றினேன், இனி நிகழாமலிருக்க இதைச் செய்தேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்ப நான் தயங்கியிருக்கமாட்டேன். அந்த விடை உங்களிடம் இருக்க வேண்டியது. அதைத்தான் போன் ரிப்பேர் என்று புதைத்துவிட்டீர்கள்.

இரண்டாவது கேள்வி, "தளம் திறக்கவில்லை, எங்கே தொடங்குவீர்கள்?" என்பதாக இருக்கும். வீடியோ பார்த்தவர்கள் சேவைகளின் பெயர்களை அடுக்குவார்கள். கை வைத்தவர்கள், தளத்தின் பெயர் ஐபி முகவரியாக மாறுகிறதா, பாதுகாப்பான தளங்களுக்கான 443 போர்ட்டில் எதிர்முனை பதில் தருகிறதா, ப்ராசஸ் (ஓடும் நிரல்) உயிரோடு இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போவார்கள். எடுத்துக்காட்டாக, டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டு. கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கமாண்டோ பாதிதான் என்கிறது. இரண்டும் உண்மையே. யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை அழித்துவிட்டார், ஆனால் ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அது விடும்வரை இடம் திரும்பாது. இதை ஒருமுறை நேரில் சந்தித்து இரண்டு மணிநேரம் திணறியவர் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். உங்கள் 2,000 மணிநேரத்தில் அப்படித் திணறிய மணிநேரம் எத்தனை? பில் வந்த நாளோடு நீங்கள் கை வைப்பதை நிறுத்திவிட்டீர்கள். பயந்தது இயற்கை, பயத்தைப் படிப்பு என்று பெயரிட்டு நான்கு மாதம் ஓட்டியதுதான் தவறு.

65 கொள்குறி வினாக்களை 130 நிமிடத்தில் எழுதி உங்கள் அசோசியேட் சான்றிதழைப் பெற்றிருப்பீர்கள். குபர்னெட்டீஸ் நிர்வாகியின் தேர்வு அப்படிப்பட்டதன்று. இரண்டு மணிநேரம் கமாண்டு தட்டும் டெர்மினலின் முன் உட்காரவைத்து, பழுதான கிளஸ்டரை, அதாவது சர்வர்க் கூட்டத்தை, கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் கை ஓடாதவருக்கு அது வீண் செலவு. எனவே முதலில் பரணிலிருந்து அந்த லேப்டாப்பை இறக்குங்கள். கிராஃபிக்ஸ் இல்லாத டெபியன் லினக்ஸ் சர்வருக்கு 4 ஜிபி தாராளம். வேறு கணினியிலிருந்து, தொலைவிலிருந்தே கமாண்டு கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக மட்டும் அதற்குள் போங்கள். குடும்பப் புகைப்படங்களின் ஒரு நகலை அதில் வைத்து, இரவுதோறும் பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்து, மாதம் ஒருமுறை அந்த நகலை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மூலப் படங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து டெராஃபார்ம் படியுங்கள். எழுதி உருவாக்கியதை ஒரே கமாண்டில் மொத்தமாக அகற்றிவிட முடியும் என்பதால், உங்களைப் போல் ஒருமுறை சுட்டுக்கொண்டவருக்கு அதன் அருமை உடனே விளங்கும். குபர்னெட்டீஸ் அதற்கும் பிறகு. இரவு 11 மணி வேண்டாம். சனிக்கிழமை காலை நான்கு மணிநேரத்தை மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு காலை வீடும் மகளும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஆனால் இவையெல்லாம் இன்றிரவுக்குப் பிறகு. இன்றிரவு அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லி, போன் ரிப்பேர் என்று எழுதிய வரி எது என்று காட்டி, நடந்ததைச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அந்தக் கணக்கைத் திறந்து, பில்லை வரிவரியாகச் சேர்ந்து படியுங்கள். அதில் எந்த ரீஜியன் இருக்கிறதோ அங்கே போய் நாட் கேட்வேக்களை அழியுங்கள். அதன் பிறகு அவற்றுக்குக் கொடுத்திருந்த ஐபி முகவரிகளைத் தனியாக விடுவியுங்கள், விடுவிக்காவிட்டால் சும்மா கிடக்கும் முகவரிக்கும் கட்டணம் ஏறும். நிலுவை இருந்தால் அவர்களுடைய பில் உதவிப் பிரிவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது. பட்ஜெட் அலர்ட் ஒன்றை 500 ரூபாய் அளவுக்கு வையுங்கள். அந்த அலர்ட் மின்னஞ்சல் அனுப்புமே தவிர எதையும் தானாக நிறுத்தாது என்பதால், பெறுகிறவர்களின் பட்டியலில் உங்கள் மனைவியின் முகவரியையும் சேருங்கள்.

இன்னொன்று. 45,000 ரூபாய்ப் பயிற்சியில் "இடம் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் வாங்காமல் இடம் பிடித்து வைக்கும் பயிற்சி நிலையத்தை நான் கண்டதில்லை. எவ்வளவு கட்டினீர்கள், அது நோட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றிரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.