பத்துப் பாகம் ஆழத்தில் எழுத்து தெரிகிறதா?

கேள்வி: ஐயா, வணக்கம். வயது 27. வங்கியில் வேலை. போன ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) தீவில் ஸ்கூபா ஓபன் வாட்டர் பயிற்சி முடித்தேன். அங்கே பயிற்சியாளர் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் நாங்கள் நாலு பேரும் இறங்கினோம், ஏறினோம். இனி எனக்கென்று ஒன்று வேண்டும். 25,000 ரூபாய்க்கு மேல் முடியாது. கடைக்காரர் சிலிண்டர் காற்றையும் காட்டுகிற மாடலைத்தான் வாங்கச் சொல்கிறார். அப்பாவோ, "கையில கட்ற வாட்ச்சுக்கு இம்மாம் காசா?" என்கிறார். எதை வாங்க? — வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் அப்பாவுக்கு. சார், அது வாட்ச் இல்லை. உடம்பில் ஏறுகிற நைட்ரஜனுக்குக் கணக்குப்பிள்ளை.

என் பெரிய மாமா காசிமேட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் போய், கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளித்தவர். ஆழக் கணக்கும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை; பை நிறைந்தால் மேலே வருவார். நாற்பது வயதில் ஊர் திரும்பியபோது அவருக்கு முட்டி மடங்கவில்லை. வீட்டில் 'வாயு' என்று தைலம் தேய்த்தார்கள். வாயுதான், ஆனால் நைட்ரஜன் வாயு. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிறது. இழுக்கிற காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே இருக்கும். அளவு மீறிக் கரைந்த பிறகோ, விறுவிறுவென்றோ மேலே வந்தால் அது உள்ளேயே குமிழியாகி, மூட்டு, தோல், நரம்பு என்று அகப்பட்ட இடத்தில் தங்கிவிடும்.

இதற்கு 1908-லேயே ஹால்டேன் என்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி அட்டவணை போட்டுவிட்டார். ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுச் செய்த சோதனை அது. (எங்கள் தெருவில் போஸ்டர் தின்னும் ஆடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.) இன்று பயிற்சியில் கொடுக்கிற அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் வரை இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். நீங்கள் அஞ்சு நிமிடம் மட்டும் 18 மீட்டரில் இருந்துவிட்டு மிச்ச நேரத்தைப் பத்து மீட்டரில் கழித்தாலும், அட்டவணை முழு நேரத்தையும் 18-லேயே எழுதும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. நீங்கள் ஏற ஏற, இறங்க இறங்கக் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும். அதற்குத்தான் காசு.

இனி எதை வாங்குவது? விளம்பரத்தைப் பார்க்காதீர்கள்ம்மா, எழுத்தின் அளவைப் பாருங்கள். நான் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். நம் கடல் அந்தமான் கண்ணாடி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கொண்டுவந்து கொட்டிய கலங்கல் தெற்கே வரும்போது, நீட்டின கையில் விரல் தெரியாது. அப்போது மாஸ்க்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் கம்ப்யூட்டரைப் பிடித்துப் படித்தால்தான் உண்டு. கடையில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆழம், அந்த ஆழத்தில் இன்னும் இருக்கலாம் என்கிற மிச்ச நேரம், இந்த இரண்டு எண்ணும் ஒரே பார்வையில் கிடைக்கிறதா? பின்விளக்கு ஒரே அழுத்தில் எரிகிறதா? எரியவில்லை என்றால் கீழே வையுங்கள்.

என் கை போவது கிரெஸ்ஸி லியோனார்டோவுக்குத்தான். பெரிய எழுத்து, ஒரே பொத்தான். அந்த ஒரே பொத்தான்தான் அதன் தலைவலியும்கூட: ஒரு அமைப்பை மாற்ற அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி... அவசரத்தில் தாண்டிப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். மேரஸ் பக் ப்ரோவும் ஒற்றைப் பொத்தான் ஜாதிதான். நாலு பொத்தான் வேண்டுமென்றால் சுன்ட்டோ ஜூப் நோவோ. ஆனால் அதற்கு உங்கள் பட்ஜெட் கொஞ்சம் இழுக்கும். மூன்றிலும் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காற்று) வசதி உண்டு, நாளைக்கு அந்தப் பயிற்சி எடுத்தாலும் இதுவே போதும். வண்ணத்திரை மாடல்களுக்கு விலை இன்னும் ஏறும். நன்றாகத்தான் இருக்கும். பட்டுப்புடவையும் நன்றாகத்தான் இருக்கும்.

சிலிண்டர் காற்றைக் காட்டும் கருவிக்கு டிரான்ஸ்மிட்டர் தனியாக வேண்டும், அதன் விலையிலேயே இன்னொரு கம்ப்யூட்டர் வரும். குழாயில் தொங்குகிற அழுத்தமானி எதற்கு இருக்கிறது? அதைப் பாருங்கள். டைவ் விவரத்தைக் கணினியில் ஏற்றும் கேபிளும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். லியோனார்டோவுக்கு சிஆர் 2430, மற்ற இரண்டுக்கும் சிஆர் 2450. பர்மா பஜாரில் கடைக்குக் கடை கிடைப்பது 2032, அது சேராது. ரெண்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள், கூடவே மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், ஒன்று. மாற்றுவதைப் பயணத்துக்கு முன்னால் வீட்டில் செய்யுங்கள். நான் பட்டவன். அந்தமானில் முதல் நாள் மூன்று டைவ். மறுநாள் காலை படகில் பேட்டரி குறி மினுக்கியது. அஞ்சு ரூபாய் நாணயத்தால் மூடியைத் திருகி, புதுசு போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. முந்தின நாள் கணக்கு மொத்தமும் காலி. ஒரு வருடமாகத் தண்ணீரையே தொடாத ஆளுக்குத் தருவதுபோல நேரத்தை அள்ளிக் கொடுத்தது. அன்று முழுக்கப் படகிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் விட்ட குமிழியை எண்ணிக்கொண்டிருந்தேன். சில மாடல்கள் பேட்டரியை எடுத்தாலும் கணக்கை வைத்திருக்கும், சில வைத்திருக்காது. வாங்கும்முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பழசு வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். வாங்கலாம். கட்டுமரக்காரர் யாரையாவது பிடித்து, பத்துப் பாகம் கயிற்றில் கல்லோடு கட்டி இறக்குங்கள். ஒரு பாகம் ஆறடி. பத்துப் பாகம் 18 மீட்டரை ஒட்டி வரும். கயிறு சாயாமல் நேராக இறங்க வேண்டும், நீரோட்டம் இருக்கிற நாளில் வேண்டாம். மேலே எடுத்ததும் அதிகபட்ச ஆழத்தைப் பாருங்கள். 15 என்றோ 21 என்றோ காட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: கம்ப்யூட்டர் அழுகிறதென்றால் கேளுங்கள். அளவுக்கு மேல் வேகமாக ஏறினால் கத்தும். அஞ்சு மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லும். மிச்ச நேரத்தைத் தாண்டி இருந்துவிட்டு, அது கட்டாயமாக நிற்கச் சொல்கிற இடத்தில் நிற்காமல் வந்தால் இந்த மாடல்கள் ஒரு நாளோ ரெண்டு நாளோ பூட்டிக்கொண்டு கணக்குச் சொல்லாது. கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி. ஆனால் நீங்கள் ராத்திரி தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த நாட்களில் அது தருகிற நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம் வைத்து ஏறுங்கள்.

கேள்வி: என் ஸ்மார்ட்வாட்ச்சில் '5 ஏடிஎம்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 50 மீட்டர் தாங்கும்தானே? — வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாங்காது தம்பி. அது ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்துப் பார்த்த அழுத்தம். நீச்சல் குளத்துக்குச் சரி. தாங்கினாலும் நைட்ரஜன் கணக்கு யார் போடுவது? ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 40 மீட்டர் வரை ஆழம் காட்டும், சந்தா கட்டினால் செயலி கணக்கும் போடும். அந்த விலைக்கு லியோனார்டோ வாங்கி, மிச்சத்தில் அந்தமானுக்கே போய் வந்துவிடலாம்.

கேள்வி: எங்களுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. இருவரும் டைவ் செய்வோம். பக்கத்திலேயேதான் நீந்துவோம். ஒரே கம்ப்யூட்டரை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா? — தம்பதி, எண்ணூர்

பதில்: கூடாது. அவர் ஒரு மீனைப் பார்க்க மூன்று மீட்டர் கீழே போவார், நீங்கள் போகமாட்டீர்கள்; அங்கேயே கணக்கு ரெண்டாகிவிட்டது. காலையில் அவர் கட்டி இறங்கியதை மதியம் நீங்கள் கட்டினால், அவருடைய நைட்ரஜனை உங்கள் கையில் கட்டியதாக அர்த்தம். ஒன்று வாங்குங்கள், இன்னொன்றை டைவ் கடையில் வாடகைக்கு எடுங்கள். பயணம் முழுக்க அவரவர் கையில் அதே கம்ப்யூட்டர்தான் இருக்க வேண்டும்.

திரும்புகிற விமான டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அந்தமானுக்குப் போனால் கடைசி நாளை ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு ஒதுக்கிவிடுங்கள்.