பிட்ஸோல் ஐந்து ஏரி நடை: குழுவாகப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

சுவிஸில் சென்ற் காலன் மாநிலத்து பிட்ஸோல் மலையில், ஒரே நாளில் ஐந்து ஏரிகளைச் சுற்றி வரும் நடை பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம்? முதல்தடவை மலைக்கு வாறவை சமாளிப்பினமா?

தூரம் ஏறக்குறைய 11 கிலோமீற்றர். ஏற்றம் 600 மீற்றர் அளவு, இறக்கம் 950 மீற்றருக்கும் மேல். இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை என்றால், தொடங்குவது பிட்ஸோல்ஹூட்டே என்ற மலைக்குடிலில் (2227 மீ.), முடிப்பது காஃபியா லிஃப்ட் நிலையத்தில் (1861 மீ.). முதல் ஏரியான வாங்ஸர்ஸே, அந்தக் குடிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு வில்ட்ஸேலுக்கன் கணவாய் (2493 மீ.) வரை நல்ல ஏற்றம். அதைத் தாண்டியதும் வில்ட்ஸே, கீழே ஷொட்டன்ஸே, பிறகு ஷ்வார்ட்ஸ்ஸே. அங்கிருந்து திரும்பவும் 2500 மீற்றர் அளவுக்கு ஏறி, முகட்டு வழியாக பாஷால்வாஸேக்கு இறங்க வேண்டும்.

வழி முழுக்க வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளம். அதாவது மலைப்பாதை, மஞ்சள் அடையாளம் போட்ட உலாப்பாதை அல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறவருக்குச் சரிவரும். வருடம் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு முதல் நடையாக இது வேண்டாம்.

கேள்வி: பலகையில் 5 மணித்தியாலம் என்று போட்டிருக்கு. நாங்கள் 12 பேர். காலை 11 மணிக்குத் தொடங்கினால் காணுமா?

காணாது. சுவிஸ் மஞ்சள் பலகைகளில் இருப்பது வெறும் நடை நேரம். இளைப்பாறுவது, சாப்பிடுவது, படம் எடுப்பது எதுவும் அதில் இல்லை. 12 பேர் என்றால் இன்னும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கூட்டுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். காஃபியாவிலிருந்து இறங்கும் கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கீழ் நிலையத்திலேயே பார்த்து, எல்லோரும் போனில் படம் எடுத்து வையுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். உதாரணத்துக்கு அது 5 மணி என்றால், 4.30க்குக் காஃபியாவில் நிற்க வேண்டும். ஏழு மணித்தியாலம் கழித்தால் 9.30. அந்த நேரம் நீங்கள் பிட்ஸோல்ஹூட்டேயில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ரயிலில் ஏறும் நேரம் அல்ல அது. கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் வாங்ஸ் ஊருக்கு இன்னும் 1300 மீற்றருக்கு மேல் காலால் இறக்கம். களைத்த முழங்காலுடன், இருட்டுப்படும் நேரத்தில் அது சின்ன வேலை அல்ல.

கேள்வி: காரை பாட் ராகாட்ஸில் விடலாமா, வாங்ஸிலா?

வாங்ஸில். மலைக்கு இரண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கிறது. நடை முடியும் காஃபியா வாங்ஸ் பக்கம். பாட் ராகாட்ஸில் ஏறினால் லாவ்போடனில் இறங்கி முதலில் பிட்ஸோல்ஹூட்டே வரை நடக்க வேண்டும். பின்னேரம் மறுபக்கத்தில் இறங்கிக் காரைத் தேடிப் போக வேண்டும். ரயிலில் வருபவர்கள் சர்கான்ஸில் இறங்கி வாங்ஸுக்கு பஸ் எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் குழுவில் எப்பவும் இரண்டு மூன்று பேர் பின்தங்குவினம். கடைசியில் மனஸ்தாபம் தான். என்ன செய்யிறது?

பெரும்பாலும் பிழை பின்தங்குபவர்களிடம் இல்லை, நிற்கும் முறையில் இருக்கிறது. முன்னால் போகிறவர்கள் ஏரிக்கரையில் பத்து நிமிடம் இருந்து தண்ணி குடித்துப் படம் எடுக்கிறார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறார். உடனே எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறார்கள். இளைப்பாறல் அதிகம் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. இப்படி மூன்று தடவை நடந்தால் அவருடைய கால் விட்டுவிடும்.

அதனால் விதி ஒன்று: இடைவேளை கடைசி ஆள் இருந்த பிறகுதான் தொடங்கும். விதி இரண்டு: முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் பொறுமையான ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஏரியிலும் தலை எண்ணுங்கள். பாதை பிரியும் இடங்களில் எல்லோரும் வரும் வரை நில்லுங்கள், குறிப்பாக வில்ட்ஸேலுக்கனில். வெள்ளை-நீலம்-வெள்ளை அடையாளம் கண்டால் அது உங்கள் வழி அல்ல, அனுபவமுள்ள மலையேறிகளுக்கானது. ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

12 பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் நோ, சீனி வருத்தமும் இருக்கு. கூட்டிக்கொண்டு போகலாமா அக்கா?

முழுச் சுற்றுக்கு வேண்டாம். முழங்காலை வதைப்பது ஏற்றம் அல்ல, கடைசி 600 மீற்றர் இறக்கம். அந்த இறக்கத்துக்கு நடுவில் லிஃப்டும் இல்லை, வாகனமும் இல்லை.

வாங்ஸர்ஸே வரை அம்மா தாராளமாக வரலாம். தெம்பு இருந்தால் வில்ட்ஸே வரை போய் வந்த வழியே திரும்பலாம். அழகில் அதுதான் முதல் ஏரி என்பது என் கணிப்பு. ஒருவர் அவருடன் கட்டாயம் திரும்ப வேண்டும். முடிவை வில்ட்ஸேயிலேயே எடுங்கள். ஷொட்டன்ஸேக்கு இறங்கிவிட்டால் திரும்புவதும் ஏற்றம், தொடர்வதும் ஏற்றம். இன்சுலின் போடுபவருக்கு நீண்ட நடையில் சீனி இறங்கும். மருத்துவரிடம் அளவைக் கேட்டுவிட்டு வாருங்கள். குளுக்கோஸ் வில்லைகள் பைக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: சாப்பாடு? சோறு கறி கட்டிக்கொண்டு போகலாமா?

வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் ஷ்வார்ட்ஸ்ஸேக்குப் பிறகு வரும் ஏற்றத்தில் கால் எழும்பாது. பால்கறி வெயிலில் பைக்குள் புளிக்கும். தேங்காய் ரொட்டியும் சீனிச்சம்பலும் நன்றாகப் பிடிக்கும்: கெடாது, ஒழுகாது, ஒரு கையால் சாப்பிடலாம். அவித்த முட்டை, பேரீச்சம்பழம், உப்புக் கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியை வில்ட்ஸேயில், மீதியை முகடு தாண்டி பாஷால்வாஸேயில்.

தண்ணி ஆளுக்கு இரண்டு லீற்றர். பிட்ஸோல்ஹூட்டேக்கும் காஃபியாவுக்கும் நடுவில் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஏரித் தண்ணியை அப்படியே குடிக்க வேண்டாம். சுற்றிலும் மந்தைகள் மேய்கின்றன.

கேள்வி: ஓடுற சப்பாத்து காணுமா?

அடிப்பாகம் தேய்ந்திருந்தால் காணாது. வில்ட்ஸேலுக்கனின் இரண்டு பக்கமும் உதிர்கல். கணுக்காலை மூடும் சப்பாத்து நல்லது. இறங்கத் தொடங்குமுன் இருந்து, குதியைப் பின்னுக்குத் தட்டி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கால் முன்னுக்குச் சறுக்கி, காஃபியா வரும்போது பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? இடி மின்னலுக்குப் பயம்.

ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முடியும் வரை. அதற்கு முன் கணவாயின் நிழல் பக்கத்தில் பனி கிடக்கும். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும்.

கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். காலையில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் பிரித்தால் தூரம் கிலோமீற்றரில் வரும். 30 விநாடிக்குக் குறைந்தால் முகட்டில் நிற்க வேண்டாம், ஏற்கெனவே நின்றால் இறங்குங்கள். தண்ணிக் கரையும் தனிப் பாறையும் வேண்டாம். ஒருவருக்கொருவர் பத்து மீற்றர் விட்டு, ஊன்றுகோலைத் தள்ளி வைத்து, கால்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள்.

கேள்வி: ட்ரோன் பறக்கவிடலாமா? பிட்ஸோல் பனியாறு தெரியுமா?

ட்ரோன் கூடாது. க்ராவே ஹோர்னர் என்ற இந்த வட்டாரம் கூட்டாட்சி அரசின் வேட்டைத் தடைக் காப்பகம். சுவிஸில் அற்றுப்போயிருந்த ஐபெக்ஸ் மலையாடுகளை 1911இல் முதன்முதலாகத் திரும்ப விட்டது இங்கேதான். ஆடுகள் கண்ணில் பட்டால் பாதையிலேயே நின்று பாருங்கள்.

பனியாறு என்று சொல்ல இப்போது அதிகம் இல்லை. 2019 செப்ரெம்பர் 22இல் ஊர் மக்களும் அறிவியலாளர்களும் ஏறிவந்து அதற்கு இறுதிச் சடங்கே செய்தார்கள். வில்ட்ஸேயின் அந்தப் பால் கலந்த பச்சை, பனி அரைத்த கல்மாவின் நிறம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: யாருக்காவது கால் பிசகினால்?

சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். வீங்கிவிட்டால் திரும்பப் போட முடியாது. நடக்க முடியாவிட்டால் மீட்பு ஹெலிகொப்ரர் சேவையான ரேகாவை 1414இல் அழையுங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் 112, அது வேறு நிறுவன வலையிலும் போகும். ஹெலிகொப்ரர் வந்ததும் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் மேலே விரித்து நிற்க வேண்டும். "உதவி வேண்டும்" என்பதற்கு அதுதான் அடையாளம். மற்றவர்கள் சால்வை, தொப்பி, திறந்த பை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருக்கட்டும்.