இலைக்கும் வயிறு நிறையுமா?

கேள்வி: வெயில், தண்ணீர், உரம் எல்லாம் சரியாக இருந்தும் ஒளிச்சேர்க்கை குறையுமா? மாங்கிளையில் பட்டையை வளையமாக உரித்தால் அந்தக் கிளை இலைகளுக்கு என்ன ஆகும்?

பதில்: தாராளமாகக் குறையும். இலை செய்யும் சர்க்கரை பட்டையின் உட்புறமுள்ள ஃப்ளோயம் என்ற குழாய்த் திசு வழியாகத்தான் வேருக்கும் மற்ற கிளைகளுக்கும் போகிறது. வளையமாக உரித்தால் வழி அறுந்து, சரக்கு இலையிலேயே தேங்கி, பசுங்கணிகங்களுக்குள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகள்) மாவுச்சத்தாகக் குவிகிறது. சர்க்கரை மிகுந்தால் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ போன்ற நொதிகளுக்கான மரபணுக்களின் வேகம் குறையும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பாஸ்பேட்டும் சர்க்கரையோடு மாட்டிக்கொள்ளும், அப்புறம் உற்பத்தி எப்படி ஓடும்? அந்தக் கிளையிலேயே நிறையக் காய்கள் இருந்தால் சர்க்கரையை அவை இழுத்துக்கொள்ளும், பாதிப்பும் குறையும்.

இலையின் அமைப்பும் முக்கியம். வெயிலில் வளர்ந்த இலை தடிமனானது, மேல்பக்கத்தில் ஒளியைப் பிடிக்கும் பாலிசேட் செல்கள் நீண்டோ பல அடுக்காகவோ இருக்கும், அதனால் கடும் வெளிச்சத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். நிழல் இலை மெல்லியது, குறைந்த வெளிச்சத்திலேயே அதன் ஒளிச்சேர்க்கை உச்சத்தை எட்டிவிடும். மக்காச்சோளம் தனி ரகம்: நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் கரியமில வாயுவைச் செறிவாக்குகிறது, மாவுச்சத்தும் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது.