தாமரை இலைல தண்ணி ஏன் ஒட்டல?

கேள்வி: தாமரை இலைல தண்ணி முத்து மாதிரி உருண்டு ஓடுதே, அது ஏன் சார்?

பதில்: மெழுகுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அது பாதிதாங்க. இலை மேல கண்ணுக்குத் தெரியாத குட்டி குட்டி மேடு, அதுமேல பொடிப்பொடியா மெழுகு, நடுவுல காத்து மாட்டிக்கும், அதனால சொட்டு மேட்டு நுனில மட்டும் பட்டு உருண்டுடும், போறப்ப தூசியையும் அள்ளிட்டுப் போயிடும். 1997ல பார்த்லாட்ங்கிற ஜெர்மன் தாவரவியல் விஞ்ஞானி இத விளக்கி எழுதினார். சேம்பு இலையும் இப்படித்தான்.

சரி, இதனால தாமரைக்கு என்ன லாபம்? மரங்களுக்கு இலைத்துளை, அதாவது இலை காத்து வாங்குற குட்டித் துளை, பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், மிதக்கிற தாமரை இலைக்கு அடில தண்ணியாச்சே, அதனால துளை மேல்பக்கம், அங்க தண்ணி தேங்கினா காத்து அடைபட்டுடும்ல! காம்ப ஒடிச்சுப் பாருங்க, உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும், இலை வாங்குற காத்து சேத்துக்குள்ள இருக்கிற கிழங்குக்கு அது வழியாத்தான் போகுது.