பின்மண்டைக்கு இரண்டரை சென்டிமீட்டர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. குழந்தையிலிருந்தே பின்மண்டை தட்டை. முடியை ஒட்ட வெட்டிக்கொள்ள ஆசை, ஆனால் கூச்சம். என் தலைக்கென்றே அளவெடுத்துச் செய்யும் சிலிகான் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பின்பக்கம் 2.5 செ.மீ. எடுப்பாக வந்தால் போதும். இது பாதுகாப்பான அளவா? உச்சியில் துருத்தி நிற்கும் எலும்பையும் கொஞ்சம் செதுக்க முடியுமா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன், ஒரே ஆபரேஷனில் 2.5 செ.மீ. என்பது அதிகம். ஒரே தடவையில் என்றால் பொதுவாக 1 முதல் 1.5 செ.மீ. வரைதான் போவார்கள், அதுவும் தலைத்தோல் கொஞ்சம் இளக்கமாக இருப்பவர்களுக்கு.

சி.டி. ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரில் வரையும்போது மண்டையை எவ்வளவு வேண்டுமானாலும் உப்ப வைக்கலாம், திரையில் யார் தடுக்கப் போகிறார்கள்? எலும்பும் தடுக்காது, ஏனென்றால் இம்பிளான்ட் ஓட்டின் மேலே உட்காருகிறது, மூளைப் பக்கம் போவதே இல்லை. தடுப்பது தோல்தான். தலைத்தோலுக்கு அடியில் கேலியா என்றொரு நார்ப்படலம் இருக்கிறது, அது லேசில் நீளாது. உள்ளே நிறைய அடைத்துவிட்டு இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் ஓரத்துக்கு ரத்தம் போகாமல் தோல் கறுத்துச் செத்துப்போகும், தையல் பிரியும், இம்பிளான்ட் வெளியே தெரியும், அப்புறம் அதை எடுப்பதைத் தவிர பெரும்பாலும் வேறு வழி இருக்காது. போன இடத்தில் முடியும் திரும்ப வராது. இதில் பின்மண்டைக்கு இன்னொரு சிக்கல்: படுத்தால் தலையின் பாரம் முழுக்க அங்கேதான் அழுத்துகிறது.

2.5 செ.மீ. வேண்டும் என்றே நின்றால் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாராவாரம் உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரியவைத்து, பிறகுதான் இம்பிளான்ட். இரண்டு ஆபரேஷன், நடுவில் பல வாரம் வீங்கிய தலையோடு நடமாட வேண்டும். அழகுக்காக மட்டும் இவ்வளவு தேவையா என்றால், எனக்குத் தேவையில்லை என்றுதான் படுகிறது. ஒரு துணியை ஒரு செ.மீ. தடிமனுக்கு மடித்து இறுக்கமான தொப்பிக்குள் பின்பக்கம் வைத்து, பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு செ.மீ. நீங்கள் நினைப்பதைவிட நிறையவே தெரியும்.

நீங்கள் யோசிக்காத ஒன்று தழும்பு. முடியை ஒட்ட வெட்டத்தானே இத்தனையும்? கீறிய கோட்டில் முடி முளைக்காது, ஒட்ட வெட்டினால் அந்தக் கோடு தெரியும். சிலிகான் வளையும் என்பதால் சுருட்டிச் சின்னக் கீறல் வழியாக நுழைக்கலாம். பீக் என்ற கெட்டிப் பொருளுக்கு நீளமான கீறல் வேண்டும், அல்லது துண்டுகளாகச் செய்ய வேண்டும். எந்தப் பொருளானாலும் ஓரம் காகிதம்போல மெலிந்து முடிய வேண்டும், இல்லையென்றால் படிக்கட்டு மாதிரி விளிம்பு கைக்குத் தட்டுப்படும், குட்டை முடியில் கண்ணுக்கும் தெரியும். கீறல் எங்கே வரும், எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியே வாங்குங்கள்.

நீர் கோத்துக்கொள்வது, பின்தலை கொஞ்ச மாதம் மரத்துக் கிடப்பது, முடி தற்காலிகமாகக் கொட்டுவது, இவை வரக்கூடியவை, பெரும்பாலும் சரியாகிவிடும். (மரத்த இடம் சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும்.) பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்கு. இம்பிளான்ட் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மருந்து சரியாக எட்டாது, கழற்றித்தான் ஆக வேண்டும். சிகரெட் பழக்கமோ கட்டுக்குள் வராத சர்க்கரையோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஆபரேஷனே வேண்டாம், ஃபில்லர் ஊசி போட்டு நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தலையைக் கொடுக்காதீர்கள், ரத்தக்குழாயில் ஏறினால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம், நெற்றிப் பக்கம் போட்டுப் பார்வையே போனவர்கள் உண்டு.

சி.டி.யை ஒரு நரம்பியல் சர்ஜனிடமும் காட்டுங்கள். சின்ன வயதில் மண்டை ஓட்டின் இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொண்டதால் வந்த வடிவமா, வெறுமனே குழந்தையில் எப்போதும் மல்லாந்தே படுத்ததால் வந்த தட்டையா என்று பெரும்பாலும் அதில் தெரியும். விடாத தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தால் இது அழகு விஷயமே இல்லை, முதலில் அங்கே போங்கள்.

உச்சி எலும்பைச் செதுக்கலாம், ஆனால் மில்லிமீட்டர் கணக்கில்தான். பெரியவர்களின் மண்டை ஓடு சராசரியாக 6, 7 மி.மீ. தடிமன் இருக்கும், ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். வெளி ஓடு, நடுவில் பஞ்சு போன்ற அடுக்கு, உள் ஓடு என்று மூன்றில் வெளி ஓட்டை மட்டுமே தொடலாம். உச்சியின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே பெரிய ரத்தநாளம் ஒன்று ஓடுகிறது, அங்கே தாராளம் காட்ட முடியாது. அதனால் துருத்தி நிற்கும் அந்த இடத்தின் தடிமனை உங்கள் சி.டி.யில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமலேயே இத்தனை மில்லிமீட்டர் குறைக்கிறேன் என்று சொல்பவரிடம் பின்மண்டை வேலையையும் கொடுக்க வேண்டாம்.