ரிச்சர்ட் வாரனுக்கு மேல போற கிளையை எழுதாதீங்க அக்கா

உங்க மருமகன் வம்சத்துல 1620ல இங்கிலாந்துல இருந்து மேஃப்ளவர் கப்பல்ல அமெரிக்காவோட ப்ளிமத்துக்குக் குடியேற வந்த ரிச்சர்ட் வாரன் இருக்காரு, ஆன்லைன் ஃபேமிலி ட்ரீல அவருக்கு மேல இங்கிலாந்தோட சர்ரே பிரபுக்கள் வரைக்கும் போகுது, பேரனுக்கு எழுதி வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு வேண்டாம்க்கா. அவரோட அப்பா அம்மா யாருங்கறதுக்கு இதுவரை ஆதாரமே கிடைக்கல, வாரன்ங்கிற பேர் அந்தப் பிரபுக்களோட குடும்பப் பேரோட ஒத்துப்போகுதுன்னு யாரோ ஒட்டினதை எல்லாரும் காப்பி பண்ணிட்டாங்க.

மனைவி எலிசபெத் வழியில ஒரு தலைமுறை மேல போகலாம். அவங்க அப்பா அகஸ்டின் வாக்கர் 1613ல எழுதின உயில்ல மக எலிசபெத் வாரன், பேத்திங்க மேரி, ஆன், சாரான்னு இருக்கு, இங்கிலாந்துல ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல இருக்கிற கிரேட் ஆம்வெல் ஊர் சர்ச் பதிவுல 1610 ஏப்ரல் 14ல கல்யாணமும் இருக்கு. 1627ல ப்ளிமத்ல குடியேறினவங்களுக்கு மாடுகளைப் பங்கு போட்ட லிஸ்ட்ல அதே மேரி, அன்னா, சாரா வரிசையா வர்றாங்க பாருங்க, அதைப் பார்த்தப்போ எனக்குப் புல்லரிச்சுது.

நீங்க மருமகன்ல இருந்து ஒவ்வொரு தலைமுறையா மேல ஏறுங்க, பிறப்பு, கல்யாணம், உயில் எதாவது ஒண்ணு அப்பா பிள்ளைன்னு நேரா சொல்லணும். ப்ளிமத் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்துல நிறைய ஊர்களோட 1850 வரைக்குமான பதிவுகள் புத்தகமாவே வந்திருக்கு, வாரன்ல இருந்து கீழ முதல் அஞ்சு தலைமுறைக்கு, அந்தக் கப்பல்ல வந்தவங்களோட வாரிசுகள் சங்கமான மேஃப்ளவர் சொசைட்டி போட்ட சில்வர் புக்ஸ்ங்கிற வம்சாவளிப் புத்தகங்கள் போதும். சிக்கல் வந்தா பெரும்பாலும் 1800 பக்கத்துலதான் வரும், அந்த இடத்துல பொறுமையா தேடுங்க.